பூண்டு ரசம்: நசுக்கிவிட்டு 10 நிமிடம் விடுங்கள்

உரிக்காத பூண்டுப் பல்லில் வாசனையே இராது. நசுக்கினால்தான் நெடி ஏறும். அல்லீன் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் பல்லுக்குள் தனித்தனியே இருக்கின்றன. நசுங்கும்போது இரண்டும் சேர்ந்து, நெடிக்குக் காரணமான அல்லிசின் பிறக்கிறது. 1944இல் கவாலிட்டோ, பெய்லி என்ற ஆய்வாளர்கள் இதைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவை அடக்கும் என்று காட்டினார்கள். சூடும் கடும் புளிப்பும் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். ரசத்தில் இரண்டுமே உண்டு, அதனால் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம்.

மூன்று பேருக்கு 8 பல் பூண்டு, நெல்லிக்காய் அளவு புளி, ஒரு தக்காளி, மிளகும் சீரகமும் ஒவ்வொரு டீஸ்பூன் போதும்.

முதலில் புளியை 2 கப் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அதே நேரம் பூண்டை உரித்து உரலில் தனியாக நன்றாக நசுக்குங்கள். கீறிவிட்டால் போதாது, சாறு கசிய வேண்டும். உப்பும் புளியும் சேர்க்காமல் தட்டில் பரப்பி 10 நிமிடம் விடுங்கள். அதற்குள் மிளகு, சீரகத்தைப் பொடித்துவிடலாம்.

புளிக்கரைசலில் தக்காளியைப் பிசைந்து, மஞ்சள்தூள், உப்புப் போட்டுப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடுங்கள்.

வாணலியில் ஒரு டீஸ்பூன் நெய் விட்டுக் கடுகு, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம் தாளியுங்கள். (பெருங்காயத்தின் நெடியும் கந்தகச் சேர்மங்களால்தான்.) தீயைக் குறைத்து, பாதிப் பூண்டைப் போட்டு அரை நிமிடம் மட்டும் வதக்குங்கள். சிவந்து கருகினால் ரசம் முழுக்கக் கசக்கும். தாளிப்பை ரசத்தில் கொட்டி, ஒரு கப் தண்ணீரும் மிளகு சீரகப் பொடியும் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள்.

மீதிப் பூண்டை இறக்கிய பிறகு கலந்து மூடுங்கள். அல்லிசின் சூட்டில் சிதைந்து வேறு கந்தகச் சேர்மங்களாக மாறும். வதக்கிய பூண்டின் மணம் அவற்றால் வருவது. கடைசியில் போட்டதில் காரம் ஓரளவு நிற்கும். புளிப்பில் பூண்டு பச்சை நிறமாக மாறினால் பயப்பட வேண்டாம், அது கெட்டதல்ல.

இந்த ரசம் நோய்த்தொற்றுக்கு மருந்தாகாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், மருத்துவரைக் கேட்காமல் பச்சைப் பூண்டைத் தினமும் அதிகமாகச் சாப்பிடக் கூடாது. நசுக்கிய பூண்டைத் தோலில் வைத்துக் கட்டாதீர்கள், புண்ணாகிவிடும். எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பதும் ஆபத்து: காற்றில்லாத இடத்தில் பொட்டுலினம் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கும், அது வாசனையிலோ நிறத்திலோ தெரியாது.