பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிவு: சொட்டியது ஓரிடம், ஓட்டை வேறிடம்

ஒருவழியாகக் கசிவு நின்றது. என் பழைய டீசல் வண்டியை ராத்திரி நிறுத்தினால் காலையில் ராக்குக்கு (ஸ்டீயரிங் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) கீழே சிவப்பாக ஒரு திட்டு இருக்கும். ஸ்டார்ட் செய்து திருப்பினால் ஊளைச் சத்தம், ரிசர்வாயரில் (ஆயில் ஊற்றும் டப்பா) நுரை. ராக் சீல் போய்விட்டது, கழற்றித்தான் ஆகவேண்டும் என்றார் மெக்கானிக். அதற்கு முன் ரிடர்ன் ஹோஸ் (ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் குழாய்) கிளாம்பை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. கசிவை அடைக்க ஆயிலோடு ஊற்றும் லீக் ஸ்டாப் பாட்டிலும் சுத்த வேஸ்ட்.

ஆனால் என்ஜின் ஓடும்போது ஒரு சொட்டுகூட விழவில்லை. பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளும் பிரஷர் பக்கம் ஓட்டை என்றால் ஓடும்போதுதானே பீய்ச்ச வேண்டும்? அப்படியானால் பம்ப் உறிஞ்சுகிற பக்கம்தான். ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும் (நுரை அதனால்தான்), நிறுத்தியதும் ஆயில் வெளியே கசியும். மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவிட்டு முகப்பவுடர் தூவினேன். மறுநாள் பம்ப் இன்லெட்டிலிருந்து (ஆயில் பம்புக்குள் நுழையும் இடம்) ஈரக்கோடு, குழாய் வழியாகவே இறங்கி ராக்கில் போய்ச் சொட்டியிருக்கிறது.

இன்லெட் உள்ளே இருந்த ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) பிளாஸ்டிக் மாதிரி இறுகிக் கிடந்தது. அதே அளவில் நைட்ரைல் (ஆயில் தாங்கும் ரப்பர்) ஓ-ரிங்கை ஆயில் தடவிப் போட்டேன். அப்புறம் முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓட்டாமலேயே ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் மெதுவாகத் திருப்பி, குமிழி நிற்கும்வரை ஆயில் ஊற்றினேன். நேராக ஸ்டார்ட் செய்தால் காற்று மறுபடி நுரையாகக் கலந்துவிடும். ராக்கைத் தொடவே இல்லை.