மேடையில் பாட ஹார்மனைசர்: வாங்கும் முன் படிப்படியாகப் பார்க்க வேண்டியவை

பாடுகிறவரின் குரலோடு சேர்ந்து ஒலிக்கத் துணைக்குரல்களை உருவாக்கித் தரும் பெட்டிதான் ஹார்மனைசர். அதை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இதில் எத்தனை குரல் வரும்?" என்றுதான். பெட்டியின் மேலேயே அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மேடையில் அந்த எண்ணிக்கையால் பெரிய லாபம் இல்லை. இரண்டே துணைக்குரல் சரியான ஸ்வரத்தில் வந்தால் பாட்டு நிமிர்ந்துவிடும். எட்டுக் குரலும் தப்பாக வந்தால் எங்கே ஒளிந்துகொள்வது?

அதனால் முதலில் இதைக் கேளுங்கள்: நான் பாடிக்கொண்டிருக்கும்போது என்ன கீ (பாட்டின் ஆதார ஸ்வரமும் அதன் ஸ்வர வரிசையும்), என்ன கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) போகிறது என்பதை இந்தப் பெட்டிக்கு யார் சொல்லப் போகிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி மாடல்கள் தானாகவே கழிந்துவிடும்.

## பெட்டிக்குள் என்ன நடக்கிறது

மைக்கிலிருந்து வரும் உங்கள் குரலின் சுருதியைக் கருவி கண்டுபிடிக்கிறது. பிறகு அதே குரலை நகலெடுத்து, மேலேயோ கீழேயோ நகர்த்தி, உங்கள் குரலோடு கலந்து வெளியே அனுப்புகிறது. ஈவன்டைட் நிறுவனத்தின் எச்910 இந்த வகையில் பேர் பெற்ற முன்னோடி, 1975-இல் வந்தது. அந்தக் காலத்துக் கருவிக்கு ஸ்கேல், அதாவது ஸ்வர வரிசை எல்லாம் தெரியாது. எவ்வளவு நகர்த்தச் சொன்னீர்களோ, எல்லா ஸ்வரத்தையும் அதே அளவு நகர்த்தும்.

அதில் என்ன கஷ்டம் என்று பாருங்கள். மேஜர் ஸ்கேலில் நீங்கள் 'ஸ' பாடினால், மேலே போகும் துணைக்குரல் 'க' பாட வேண்டும். இடையில் நான்கு அரை ஸ்வரம். நீங்கள் 'ரி'க்குப் போனால் துணைக்குரல் 'ம'வுக்குப் போக வேண்டும். இங்கே மூன்றுதான். நான்கிலேயே பிடித்து வைத்தால் சுத்த மத்யமம் வர வேண்டிய இடத்தில் பிரதி மத்யமம் வந்து நிற்கும். இசை தெரியாதவருக்குக்கூட முகம் சுளிக்கும். எங்கே மூன்று, எங்கே நான்கு என்று முடிவெடுக்கத்தான் கருவிக்குக் கீயோ கார்டோ தெரிய வேண்டியிருக்கிறது.

இன்னொன்று ஃபார்மன்ட். ஒரு குரல் இன்னார் குரல் என்று நமக்குத் தெரிவது வாய், தொண்டைக் குழியின் இயல்பான அதிர்வுகளால். சுருதியோடு சேர்த்து அதையும் மேலே தூக்கிவிட்டால் கார்ட்டூன் அணில் குரல்தான் மிஞ்சும். இன்றைய கருவிகள் ஃபார்மன்ட்டைத் தனியாகக் கையாள்கின்றன. எவ்வளவு நன்றாகக் கையாள்கின்றன என்பதில்தான் விலை வித்தியாசம் காதில் கேட்கும்.

## படி 1: உங்கள் மேடையில் யார் என்ன வாசிக்கிறார்கள்?

நீங்களே கிட்டார் வாசித்துக்கொண்டு பாடுகிறீர்கள். உங்களுக்கு வேலை சுலபம். கிட்டார் உள்ளீடு இருக்கும் பெட்டியை மட்டும் பாருங்கள். நீங்கள் போடும் கார்டைக் கேட்டு அது துணைக்குரலை அமைத்துக்கொள்ளும். பாஸ் விஇ-2, விஇ-8, டிசி-ஹெலிகான் ஹார்மனி சிங்கர் எல்லாம் இந்த வகை. கிட்டாரில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) போட்டாலும் கவலையில்லை. கருவி உங்கள் விரலைப் பார்ப்பதில்லை, ஒலியைத்தான் கேட்கிறது.

ஆனால் மூன்று விஷயம் அதைக் குழப்பும். கிட்டார் டியூனிங் தளர்ந்திருந்தால் கார்டை ஊகிப்பது தடுமாறும். ராக் கிட்டாரில் அதிகம் வரும், இரண்டே ஸ்வரம் கொண்ட பவர் கார்டில் மேஜரா மைனரா என்று சொல்லும் ஸ்வரமே கிடையாது; கருவி அதற்கு முந்தைய கார்டை வைத்து ஊகம்தான் செய்ய முடியும். ஒவ்வொரு கம்பியாக மெதுவாகத் தட்டி வாசித்தால் முழுக் கார்டும் காதில் விழுவதற்குள் நீங்கள் இரண்டு வார்த்தை பாடி முடித்திருப்பீர்கள். இவையெல்லாம் உங்கள் பாணியில் அதிகம் இருந்தால், கீயைக் கையாலும் வைக்க வழியிருக்கும் மாடலாகப் பாருங்கள்.

கீபோர்டு வாசித்துப் பாடுகிறீர்கள். எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற தகவலைக் கடத்தும் மிடி உள்ளீடு இருந்தால் அதுவே மேல். ஒலியைக் கேட்டு ஊகிக்க வேண்டியதில்லை, அழுத்திய கட்டைகள் அப்படியே போய்ச் சேரும். பல கருவிகளில், நீங்கள் பிடிக்கும் ஸ்வரங்களையே துணைக்குரல் பாடும் முறையும் உண்டு. கோரஸ் பகுதியை முன்கூட்டியே யோசித்து அமைப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். இடது கை பேஸ் வரியில் ஓடிக்கொண்டே இருந்தால் மட்டும் கருவி தடுமாறும். வலது கையின் ஸ்வரங்கள் தனி மிடி சேனலில் போகும்படி கீபோர்டைப் பிரித்து வைத்தால் தீர்ந்தது.

கையில் மைக் மட்டும், பின்னால் பேண்டு. அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். கிட்டார் உள்ளீடு இருக்கும் பெட்டியை வாங்கிவிட்டு, அந்தத் துளையில் எதையும் செருகாமல் "ஹார்மனி வரவில்லை" என்பார்கள். உங்கள் குரலை மட்டும் கேட்டு அது எப்படிக் கார்டைக் கண்டுபிடிக்கும்? உங்களுக்கு இரண்டு வழி. பேண்டில் கார்டுகளைத் தெளிவாக வாசிக்கும் ஒருவரிடமிருந்து ஒரு கேபிள் வாங்கி உங்கள் பெட்டிக்குக் கொடுக்கலாம்; அவருடைய டிஐ பெட்டியில் (இசைக்கருவியை மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி) அதே ஒலியை இன்னொரு பக்கம் அனுப்பும் 'த்ரூ' துளை இதற்குப் போதும். இல்லையென்றால் கீயைக் கையால் வைக்கும் மாடல். பாஸ் விஇ-20 இந்த ரகம், கிட்டார் உள்ளீடே கிடையாது.

டிசி-ஹெலிகான் வாய்ஸ்லைவ் ப்ளே போன்ற சிலவற்றில், பெட்டியிலேயே இருக்கும் மைக் வழியாக அறையில் ஒலிக்கும் இசையைக் கேட்டுக் கீயை ஊகிக்கும் வசதி உண்டு. வீட்டில் பயிற்சிக்கு அருமை. டிரம்ஸ் இடி இடிக்கும் மேடையில் அதை நம்பி நான் நிற்க மாட்டேன்.

பேக்கிங் டிராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) வைத்துப் பாடுகிறீர்கள். ஃபோன் போன்றவற்றைச் செருகும் ஆக்ஸ் உள்ளீட்டில் வரும் டிராக்கைக் கேட்டு ஹார்மனி அமைக்கும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் கடைக்காரர் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்கிறேன்: எப்போதும் ஒரே டிராக்தான், பாட்டின் அமைப்பும் மாறப்போவதில்லை என்றால், துணைக்குரலை நீங்களே பாடிப் பதிவு செய்து டிராக்கிலேயே கலந்துவிடுங்கள். கருவியைவிட நன்றாக இருக்கும், பணமும் மிச்சம்.

## படி 2: கீயைக் கையால் வைப்பதென்றால்

முதல் விதி, காதில் கேட்கும் கீயைத்தான் வைக்க வேண்டும். கிட்டாரிஸ்ட் "ஜி" என்பார். இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டிருப்பார். அப்போது வைக்க வேண்டியது ஏ. பேண்டு முழுக்க அரை ஸ்வரம் இறக்கி டியூன் செய்திருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். வழக்கமான 440 ஹெர்ட்ஸை விட்டு வேறு அளவில் டியூன் செய்யும் குழுவென்றால், கருவியில் அந்த அளவை மாற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேஜர் பாட்டுகளில் இந்த முறை பெரும்பாலும் காப்பாற்றிவிடும். மைனர்தான் காலை வாரும். ஏ மைனரில் ஒரு பாட்டு, நடுவில் இ மேஜர் கார்டு வருகிறது என்று வையுங்கள். அந்தக் கார்டுக்குள் ஜி ஷார்ப் இருக்கிறது. அங்கே நீங்கள் 'இ' ஸ்வரத்தைப் பிடித்து நின்றால், சாதாரண மைனர் ஸ்கேலில் வைத்திருக்கும் கருவி மேல் துணைக்குரலாக வெறும் 'ஜி' பாடும். ஜியும் ஜி ஷார்ப்பும் ஒரே நேரத்தில் மோதும். மைனரிலேயே இரண்டு மூன்று வகை கொடுத்திருக்கும் கருவிகள் இருக்கின்றன. அதில் ஹார்மானிக் மைனரை எடுத்தால் இந்த இடம் சரியாகிவிடும். ஆனால் அதே பாட்டில் ஜி மேஜர் கார்டும் வந்தால் அங்கே உதைக்கும்.

அப்படிப்பட்ட வரிகளில் என்ன செய்வது? ஹார்மனியை அணைத்துவிடலாம். அல்லது கீயே தேவைப்படாத விளைவுக்கு மாறலாம்: உங்கள் குரலையே இரட்டிப்பாக்கும் டபுளிங், இல்லையென்றால் ஒரு ஸ்தாயி கீழே போகும் குரல். இவை எந்தக் கார்டோடும் சண்டை போடாது.

பாட்டுக்கு ஒரு பிரீசெட் (சேமித்து வைக்கும் அமைப்பு) போட்டு, நிகழ்ச்சி வரிசைப்படி அடுக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். பாட்டின் நடுவில் கீ ஏறினால் அதற்கு அடுத்த எண்ணில் இன்னொரு பிரீசெட் வைத்து, காலால் ஒரு மிதி மிதித்துத் தாண்டலாம். வாங்கும் முன்னாலேயே உங்கள் பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் கீ, மேஜரா மைனரா, எந்த வரியில் துணைக்குரல் வேண்டும் என்று குறித்துப் பாருங்கள். உங்களுக்கு எத்தனை பிரீசெட், எத்தனை பொத்தான் தேவை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

## படி 3: காலா, கையா?

இசைக்கருவி வாசித்துக்கொண்டே பாடுகிறவருக்குத் தரையில் வைத்து மிதிக்கும் பெடல்தான். ரோலண்ட் விடி-4, ஜூம் வி3 போன்றவை மேஜையில் வைத்துக் கையால் இயக்குவதற்கானவை. கை சும்மா இருப்பவருக்கு அவை வசதி.

ஹார்மனியை ஏற்றி அணைக்கத் தனி ஃபுட்சுவிட்ச் இருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். பாட்டு முடிந்து "அனைவருக்கும் வணக்கம்" என்று நீங்கள் சொல்லும்போது மூன்று பேர் சேர்ந்து வணக்கம் சொன்னால் கூட்டம் சிரிக்கும். மிதித்திருக்கும் வரை மட்டும் ஒலித்து, காலை எடுத்ததும் நின்றுவிடும் முறை இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வரியின் கடைசி இரண்டு வார்த்தைக்கு மட்டும் துணைக்குரல் கொடுக்க அதுதான் தோது. மேடைக்குப் போடும் செருப்பையோ ஷூவையோ மாட்டிக்கொண்டு மிதித்துப் பாருங்கள். பொத்தான்கள் நெருக்கமாக இருந்தால் ஒரே மிதியில் இரண்டு அமுங்கும்.

## படி 4: பின்பக்கத் துளைகள்

மைக் உள்ளே போகவும் மிக்சருக்கு வெளியே போகவும் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் கொண்ட மைக் கேபிள் இணைப்பு) இருக்கட்டும். உங்களுடையது மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக்காக இருந்தால் பெட்டியே 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியே போகும் மின்சாரம்) கொடுக்க வேண்டும், ஏனென்றால் மிக்சர் அனுப்பும் பவரைப் பெட்டி மைக் வரை கடத்தும் என்று எண்ணக் கூடாது. டைனமிக் மைக்குக்கு இந்தக் கவலை இல்லை.

உங்கள் குரலை ஒரு கேபிளிலும் துணைக்குரல்களை இன்னொரு கேபிளிலும் பிரித்து அனுப்பும் வசதி சில பெட்டிகளில் உண்டு. கிடைத்தால் விடாதீர்கள். எல்லாம் ஒரே கேபிளில் போனால், துணைக்குரல் அதிகமாகக் கேட்கிறது என்று தெரிந்தாலும் சவுண்ட் என்ஜினியரால் ஒன்றும் செய்ய முடியாது.

## படி 5: கடையில் பாடிப் பாருங்கள்

உங்கள் சொந்த மைக்கை எடுத்துப் போங்கள். ஹெட்ஃபோனில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும், ஸ்பீக்கரில் கேளுங்கள். பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் பிரீசெட்கள் எக்கோவில் குளித்திருக்கும், அந்த எக்கோ பல குறைகளை மறைத்துவிடும். அதை முழுக்க அணைத்துவிட்டு, ஒரே ஒரு துணைக்குரலோடு தொடங்குங்கள்.

ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடியுங்கள். துணைக்குரல் நடுங்காமல் நிற்கிறதா? அடுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போங்கள். கீக்குள் அடங்க வேண்டிய துணைக்குரல் உங்களோடு வழுக்குமா, படிக்கட்டு இறங்குவது மாதிரி துள்ளுமா என்பது கருவிக்குக் கருவி மாறும். நிறையக் கமகத்தோடு பாடுகிறவர்கள் இந்த ஒரு சோதனையிலேயே பல மாடல்களைத் தள்ளிவிடுவார்கள். பிறகு 'ஸ', 'ஷ' நிறைய வரும் ஒரு வரி. மூச்சு ஒலிக்குச் சுருதி கிடையாது, அந்த இடத்தில் மட்டமான கருவி கரகரவென்று உளறும்.

தாமதத்தையும் கவனியுங்கள். 10 மில்லி செகண்டு என்பது ஒலி சுமார் மூன்றரை மீட்டர் நடந்து வரும் நேரம். அதுவரை பெரிதாக உறுத்தாது. துணைக்குரல் இன்னும் கொஞ்சம் பின்தங்கும், ஏனென்றால் சுருதியைக் கண்டுபிடிக்க முதலில் சில அதிர்வுகளையாவது கேட்க வேண்டும். 100 ஹெர்ட்ஸில் ஒரு அதிர்வுக்கே 10 மில்லி செகண்டு ஆகிறது. அதனால் கனத்த ஆண் குரல் உள்ளவர்கள் தங்கள் அடி ஸ்தாயியில் பாடிப் பார்க்காமல் பணத்தை எடுக்க வேண்டாம்.

## படி 6: முதல் மேடைக்கு முன்

மைக், பிறகு ஹார்மனைசர், பிறகு மிக்சர், இதுதான் வரிசை. துணைக்குரலை உங்கள் குரலைவிட 6 முதல் 10 டெசிபல் கீழே வைத்துத் தொடங்குங்கள். தனியாக அறையில் கேட்கும்போது போதாது என்று தோன்றும். பேண்டோடு சேரும்போது சரியாக இருக்கும்.

மைக்கை உதட்டுக்கு அருகில் பிடியுங்கள். தள்ளிப் பிடித்தால் டிரம்ஸும் கிட்டாரும் மைக்கில் நுழையும், கருவி அவற்றையும் உங்கள் குரல் என்று நினைத்துச் சுருதி தேடும். பாடாத நேரத்தில் சிம்பலுக்கு ஹார்மனி போடும் பெட்டிகளை நான் கேட்டிருக்கிறேன். துணைக்குரல் ஏறினால் மொத்த ஒலி அளவும் ஏறும் என்பதால் மானிட்டர் (மேடையில் உங்களை நோக்கி இருக்கும் ஸ்பீக்கர்) ஊளையிடும் அபாயமும் கூடும். சவுண்ட் செக்கில் ஹார்மனியை முழுக்கப் போட்டு, மிகச் சத்தமான பல்லவியைப் பாடிக் காட்டி, அந்த நிலையில் ஊளை வராதபடி மானிட்டர் அளவை வைக்கச் சொல்லுங்கள். கேபிள்கள் பிரிந்து வருகின்றன என்றால் மானிட்டரில் உங்கள் குரலை மட்டும் கேளுங்கள். துணைக்குரல் காதில் பலமாக விழுந்தால் தன்னையறியாமல் அதன் ஸ்வரத்துக்கே நழுவிப் போவோம்.