கணினி வாங்கிய முதல் நாள் அவசரத்தில் செய்யும் தவறுகள்

அத்தையின் மடிக்கணினி ஒரு காலையில் நீலத் திரையோடு நின்றுவிட்டது. 48 இலக்க மீட்பு எண்ணைக் கொடுத்தால்தான் திறப்பேன் என்று அடம். "நான் எந்தப் பூட்டும் போடலையேப்பா" என்றார் அத்தை. அவர் போடவில்லைதான். எட்டு மாதம் முன்பு அந்தக் கணினியை அமைத்துக் கொடுத்தவன் நான். கணக்கு கேட்ட இடத்தில் வாய்க்கு வந்த பெயரில் ஒரு மெயில் ஐடியை உருவாக்கி, ஏதோ ஒரு பாஸ்வேர்டைத் தட்டி, "அப்புறம் மாத்திக்கலாம் அத்தை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

விண்டோஸ் 11இல், 2024இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து புதிதாக அமைக்கும் பெரும்பாலான கணினிகளில் வட்டில் உள்ளதெல்லாம் தானாகவே மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) ஆகிவிடும். கணினி திருடு போனாலும் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் பயாஸ் (கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரல்) அப்டேட் ஆனாலோ மதர்போர்டை மாற்றினாலோ, இது அதே கணினிதானா என்று சந்தேகப்பட்டு மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் இருப்பது முதல் நாள் உருவாக்கிய கணக்குக்குள். அந்தக் கணக்குக்குள் போக முடியாமல், எண்ணை வேறெங்கும் எடுத்தும் வைக்காமல் இருந்தால் உள்ளே இருக்கும் புகைப்படங்களும் போச்சு. தயாரித்தவர்களிடமே கேட்டாலும் எடுத்துத் தர வழியில்லை.

நாங்கள் தப்பித்தோம். நான் என்ன பெயர் வைத்திருப்பேன் என்று நானே ஊகித்து, மூன்றாவது முயற்சியில் ஐடி பிடிபட்டது. மீட்புக்கு அத்தையின் நம்பரைக் கொடுத்திருந்த புண்ணியத்தில் ஓடிபி வந்தது. அன்றைக்கே 48 இலக்கங்களையும் தாளில் எழுதி பீரோவில் வைத்தோம். உங்கள் கணினியிலும் செட்டிங்ஸுக்குள் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆன் என்றிருந்தால் பிரவுசரில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த எண்ணை எடுத்து, அதே கணினியில் இல்லாமல் வெளியே எங்காவது வையுங்கள். மேக் கணினியில் இந்த வேலையைச் செய்வது ஃபைல்வால்ட். அதற்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு மீட்புக் குறியீடு உண்டு.

கணக்கு தொடங்கும்போதும் ஆப் போடும்போதும் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். செய்யும் நாளில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து வேறெதற்காகவோ கதவைத் தட்டும்போதுதான், சாவியை எங்கோ போட்டுவிட்டது தெரியும்.

மெயில் ஐடி என்கிற சாவிக்கொத்து

எந்தத் தளத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்று அழுத்தினாலும் இணைப்பு வந்து விழுவது மெயில் பெட்டியில்தான். அதனால் மெயிலைப் பிடித்தவர் மற்ற எல்லாவற்றையும் பிடித்துவிடலாம். பலர் வங்கிக்கு மட்டும் கடினமான பாஸ்வேர்டு வைத்துவிட்டு, மெயிலுக்குப் பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வைத்திருப்பார்கள். இருப்பதிலேயே வலுவான பூட்டு மெயிலுக்குத்தான் வேண்டும்.

அடுத்த தவறு, மீட்பு விவரங்களை ஒப்புக்கு நிரப்புவது. அலுவலக மெயிலையோ கல்லூரி மெயிலையோ மீட்பு முகவரியாகக் கொடுத்தால், அங்கிருந்து வெளியேறிய நாளோடு அந்தக் கதவு மூடிவிடும். பழைய மொபைல் நம்பரும் அப்படியே. சில காலம் கழித்து அது வேறொருவர் கைக்குப் போகலாம், உங்கள் ஓடிபியும் அவருக்குப் போகலாம். மீட்புக்கென்றே ஒரு ஜிமெயில் தொடங்கிவிட்டு அதைத் திறந்தே பார்க்காதவர்களுக்கு ஒரு செய்தி: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் வேலையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. வருடத்துக்கு ஓரிரு முறையாவது உள்ளே போய் எட்டிப் பாருங்கள்.

பிறந்த தேதியில் விளையாடுவதையும் சொல்ல வேண்டும். ரகசியம் காக்க நினைத்து சிலர் ஆண்டை மாற்றுகிறார்கள். இன்னும் சிலர் சோம்பலில் நடப்பு ஆண்டையே விட்டுவிடுகிறார்கள். வயது குறைவு என்று கருதி அந்த நிறுவனம் கணக்கையே முடக்கிவிடலாம், அப்புறம் அடையாளச் சான்றோடு மல்லுக்கட்ட வேண்டும்.

'கூகுள் மூலம் உள்நுழைக' என்ற பொத்தானில் தப்பில்லை, வசதிதான். ஆனால் முதல் முறை அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு, அடுத்த முறை வேறொரு மெயிலையும் பாஸ்வேர்டையும் போட்டுப் புதிதாகப் பதிவு செய்தால் ஒரே தளத்தில் இரண்டு கணக்குகள் ஆகிவிடும். பணம் கட்டியது ஒன்றில், திறந்து பார்ப்பது இன்னொன்றில். "நான் வாங்கினதைக் காணோம்" என்று வரும் புலம்பல்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம். எந்த வழியில் நுழைந்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் ஒரு பழைய நம்பிக்கையைக் கைவிட வேண்டியிருக்கிறது. பெரிய எழுத்து, எண், ஆச்சரியக்குறி எல்லாம் கலந்து வை, தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்று என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பழக்கத்துக்கு 2003இல் வித்திட்டது, அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டி. அதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக 2017இல் அவரே சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் வழிகாட்டியைத் திருத்தியது: நீளம்தான் முக்கியம், கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் சும்மா சும்மா மாற்றச் சொல்லாதீர்கள் என்று. மாற்றச் சொன்னால் நாம் செய்வதும் கடைசி எண்ணை 1இலிருந்து 2 ஆக்குவதுதானே.

அதைவிட ஆபத்து, ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் வைப்பது. லிங்க்ட்இன் தளத்திலிருந்து 2012இல் பாஸ்வேர்டுகள் திருடு போனபோது எண்ணிக்கை சுமார் 65 லட்சம் என்றுதான் தெரிந்தது. 2016இல் அதே திருட்டின் மிச்சம் விற்பனைக்கு வந்தபோது 11.7 கோடி கணக்குகளின் விவரம் அதில் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பட்டியலுக்கு விலை இருந்ததற்குக் காரணம், அங்கே வைத்த பாஸ்வேர்டையே மக்கள் வேறு இடங்களிலும் வைத்திருப்பார்கள் என்ற தெம்பு. திருடியதை மற்ற தளங்களில் இயந்திரத்தை விட்டு வரிசையாகப் போட்டுப் பார்ப்பார்கள். உங்கள் மெயில் இப்படி எங்காவது கசிந்திருக்கிறதா என்று பார்க்க, டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் உதவும்.

தளத்துக்கு ஒன்று என்றால் எப்படி நினைவில் வைப்பது? பாஸ்வேர்டு மேனேஜர் ஆப் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அது ஒத்துவராதவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் சிலர் முறைப்பார்கள். ஆனால் எங்கோ உட்கார்ந்து பட்டியலை ஓட்டிக்கொண்டிருக்கும் திருடனால் உங்கள் மேசை இழுப்பறையைத் திறக்க முடியாது. பல பேர் புழங்கும் கணினியின் பிரவுசரில் பாஸ்வேர்டைச் சேமித்து வைப்பதுதான் அதைவிட மோசம். அடுத்து உட்காருபவருக்கு உங்கள் மெயில் அப்படியே திறந்துகொள்ளும். வீட்டில் ஆளுக்கொரு விண்டோஸ் பயனர் கணக்கு உருவாக்கிக் கொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள். போடும்போது, போன் கையில் இல்லாத நாளில் உள்ளே போக உதவும் காப்புக் குறியீடுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். கூகுள் 8 இலக்கத்தில் 10 குறியீடுகள் தரும், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தால், போன் தொலையும் நாளில் அதுவும் சேர்ந்து தொலையும்.

முதல் தேடல் முடிவு எப்போதும் முதல்வன் இல்லை

ஆப் போடுவதில் ஆபத்து தேடல் பெட்டியிலேயே தொடங்குகிறது. வீடியோ பார்க்க விஎல்சி வேண்டும் என்று தேடுவோம், மேலே வரும் முதல் இணைப்பை அழுத்துவோம். பல நேரம் அது விளம்பரம். அச்சு அசலாக உண்மைத் தளம் போலவே இருக்கும் போலித் தளத்துக்கு விளம்பரம் வாங்கி மேலே ஏற்றுவது பழகிப்போன உத்தி. அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் இதைப் பற்றியே பொது எச்சரிக்கை வெளியிட்டது. நான் செய்வது இதுதான்: கணினியோடு வரும் ஆப் ஸ்டோரில் கிடைத்தால், வெளியிட்டவர் பெயரைப் பார்த்துவிட்டு அங்கே எடுப்பேன். இல்லையென்றால் அந்த மென்பொருளின் விக்கிப்பீடியா பக்கத்துக்குப் போய், அங்கே தந்திருக்கும் தள முகவரியைத் தேடலில் வந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். விஎல்சியின் சொந்த வீடு வீடியோலான் டாட் ஆர்க். பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

எல்லா ஆப்பையும் அடுக்கி வைத்திருக்கும் மூன்றாம் நபர் தளங்கள் வேண்டாம். பெயர் பெற்ற தளங்களே சறுக்கியிருக்கின்றன. படம் திருத்தும் கிம்ப் மென்பொருளின் விண்டோஸ் நிறுவியில் (இன்ஸ்டாலரில்) வேறு சரக்குகளையும் கட்டிக் கொடுத்ததாக 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் கடும் கண்டனத்துக்கு ஆளானது. அங்கே கையாண்ட வழி இன்றைக்கும் பழையதாகவில்லை. நிறுவும்போது 'எக்ஸ்பிரஸ்' என்பது பெரிய பொத்தானாகவும், 'கஸ்டம்' என்பது மங்கிய எழுத்திலும் இருக்கும். மங்கியதை அழுத்தினால்தான் கூட வரும் டூல்பார், புதுத் தேடுபொறி, பெயர் தெரியாத ஆன்டிவைரஸ் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே போட்டு வைத்த டிக் குறிகள் கண்ணில் படும். ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள்.

கிராக் செய்த மென்பொருளைப் பற்றி நியாயம் பேசப் போவதில்லை. ஒன்று மட்டும் யோசியுங்கள். நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்து வை என்கிறது அதன் குறிப்பு. வீட்டுக்குள் வருபவன், முதலில் காவலாளியை அனுப்பிவிடு என்றால் நாம் கதவைத் திறப்போமா?

விண்டோஸ் இன்றைக்கும் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டுகிறது. 2000 மே மாதத்தில் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்த மறைப்பைத்தான் பயன்படுத்திக்கொண்டது. மெயிலில் வந்த காதல் கடிதம், வெறும் எழுத்துக் கோப்பைக் குறிக்கும் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோலத் தெரிந்தது, உண்மையில் அதற்குப் பின்னால் நிரலைக் குறிக்கும் விபிஎஸ் இருந்தது. படிக்கும் கடிதம் என்று நினைத்துத் திறந்தவர்கள் நிரலை ஓட்டிவிட்டார்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதில் டிக் போடுங்கள். பில் என்று வந்த பிடிஎஃப் உண்மையில் இஎக்ஸ்இ (ஓடக்கூடிய நிரல்) என்றால் அப்போதே தெரிந்துவிடும்.

அண்மைக்கால மோசடி இன்னும் நூதனமானது. 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்கும் பக்கம் ஒன்று வரும். நிரூபிக்க விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்து, பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர் என்று சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே உங்கள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடத்தில்) ஒரு கட்டளையை வைத்திருக்கும். நீங்கள் அதை உங்கள் கையாலேயே ஓட்டுகிறீர்கள். எந்த உண்மையான சரிபார்ப்பும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

'கணினி மெதுவாக இருக்கிறது, சுத்தம் செய்யவா', 'டிரைவர்கள் பழசாகிவிட்டன' என்று கூவும் ஆப்கள் எனக்கு அறவே பிடிக்காது. பிரின்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்களின் வேலையை விண்டோஸ் அப்டேட்டே பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. இந்த ரகத்தில் நல்ல பெயர் இருந்த சிகிளீனர் என்ற சுத்தம் செய்யும் ஆப்பின் அதிகாரபூர்வ நிறுவிக்குள்ளேயே 2017இல் தீநிரல் புகுந்து, சுமார் 22.7 லட்சம் பேரின் கணினிகளுக்குப் போனது. சரியான தளத்தில் எடுத்தவர்களும் மாட்டினார்கள். தேவையில்லாததைப் போடாமல் இருந்தவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷனும் இப்படித்தான். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற எக்ஸ்டென்ஷன் கைமாறி, 2021 பிப்ரவரியில் தீநிரல் இருப்பதாக கூகுள் அதை நீக்க வேண்டியதாயிற்று. போட்டபோது நல்லதாக இருந்தது, விற்ற பிறகு கெட்டது.

தினசரி வேலைக்கு, எதையும் நிறுவும் முழு அதிகாரம் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கையே பயன்படுத்துவதும் தவறுதான். சாதாரணக் கணக்கில் இருந்தால் ஏதாவது தன்னை நிறுவப் பார்க்கும்போது பாஸ்வேர்டு கேட்கும். கை தானாக 'எஸ்' அழுத்தாது. மேக்கில் புதிதாக வருபவர்கள் செய்யும் சின்னத் தவறு, ஆப்பைப் பொட்டலமாகக் கட்டி வரும் டிஎம்ஜி கோப்புக்குள் இருந்தபடியே ஆப்பைத் திறப்பது. 'அப்ளிகேஷன்ஸ்' ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டால்தான் நிறுவியதாகும்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவைப் பற்றியும் கேட்பார்கள். கணினியை அமைக்கும்போது 'ஃபோல்டர்களைக் காப்பு எடுக்கவா' என்பதற்குச் சரி சொல்லிவிட்டால், டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் மேகத்தோடு (அந்த இணையச் சேமிப்பகத்தோடு) இணைந்துவிடும். இலவச இடம் 5 ஜிபிதான். இடம் நிரம்பியது என்று எச்சரிக்கை வந்ததும், அங்கே இருப்பது இரண்டாம் பிரதிதானே என்று நினைத்து இணையத்தில் அழித்தால், கணினியிலிருந்தும் அழிந்துவிடும். குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை கிடைக்கும், அதற்குள் பார்த்தால் பிழைத்தீர்கள். தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைக்கும் நகல்தான் காப்பு, மேகத்தில் இருப்பது அதே கோப்பின் நிழல்.

கடைசியாக, ஆப்பை நீக்குவது. அன்இன்ஸ்டால் செய்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். கணினியிலிருந்து நிரல் போகும், கணக்கு அங்கேயே இருக்கும். இலவசச் சோதனைக்கு கார்டு விவரம் கொடுத்திருந்தால், ஆப் இல்லாமலேயே மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும். முதலில் கணக்குக்குள் போய்ச் சந்தாவை ரத்து செய்து, உறுதிசெய்யும் மெயில் வந்ததா என்று பாருங்கள். அடுத்து கணக்கை நீக்குங்கள். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்வது அதற்குப் பிறகுதான்.