நாள் தள்ளிப்போச்சா? கிட் வாங்குறதுக்கு முன்னாடி காலண்டர எடுங்க

கல்யாணமான மொத வருஷத்துல நான் கர்ப்பம் பாக்குற டெஸ்ட் கிட் அஞ்சு வாங்கியிருக்கேன், அஞ்சுலயும் ஒத்தக் கோடு. வீட்டுப் பக்கத்து மெடிக்கல்ல கேக்க கூச்சமா இருக்கும், அத்தை கூட அந்தக் கடைக்குத்தான் மாத்திரை வாங்கப் போவாங்க, அதனால காளவாசல் வரைக்கும் நடந்து போயி வாங்கி கைப்பைக்குள்ள ஒளிச்சு வச்சு, விடியக்காலம் எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி பாத்ரூமுக்குள்ள போயி பாத்துட்டு, அந்த ரெண்டாவது கோடு இல்லாத கார்ட வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அழுதுட்டு வருவேன். ஒரு டாக்டரம்மா உக்கார வச்சு காலண்டர்ல எண்ணிக் காட்டுனப்பதான் எனக்குப் புரிஞ்சது, கிட்டு மேல ஒரு தப்பும் இல்ல, நான் நாள எண்ணுன விதம்தான் தப்பு. என்னைய மாதிரி எந்தப் புள்ளையும் அழக்கூடாதுன்னுதான் இம்புட்டு விளக்கமா எழுதுறேன்.

மொதல்ல தேதி. நம்ம ஊர்ல "எப்ப தலைக்கு குளிச்ச"ன்னுதான் கேப்பாங்க, நம்மளும் குளிச்ச நாள மனசுல வச்சுக்குவோம். ஆனா டாக்டர் கணக்குக்கு வேணும்ங்குறது ரத்தப்போக்கு ஆரம்பிச்ச மொத நாளு. குளிக்கிறது மூணாம் நாளோ அஞ்சாம் நாளோ, வீட்டுக்கு வீடு மாறும், அதனால குளிச்ச நாள்ல இருந்து எண்ணுனா அங்கயே ரெண்டு மூணு நாள் தப்பிப்போயிரும். அடுப்படில தொங்குற தினசரி காலண்டரக் கிழிச்சுத்தான் போட்ருவோம், அதனால மாசக் காலண்டரோ இல்ல போனோ எதுலயாவது அந்த மொத நாள குறிச்சு வச்சிருங்க. நாலஞ்சு மாசம் குறிச்சா உங்களுக்கு எத்தன நாளுக்கு ஒருக்கா வருதுன்னு தெரிஞ்சிரும்.

இது எதுக்குன்னா, எல்லாருக்கும் 28 நாள் கிடையாது. கருமுட்டை வெளிய வர்றது பொதுவா அடுத்த பீரியட்ஸ் வர்றதுக்கு ஒரு 14 நாள் முன்னாடி, அப்ப 28 நாளுக்கு ஒருக்கா வர்றவங்களுக்கு 14ஆம் நாள் வாக்குல, என்னைய மாதிரி 35 நாளுக்கு ஒருக்கா வர்றவங்களுக்கு 21ஆம் நாள் வாக்குல. முட்டை வெளிய வந்து, கரு உண்டாகி, அது கர்ப்பப்பைல போயி ஒட்டுறதுக்கு 6ல இருந்து 12 நாள் ஆகும். ஒட்டுனதுக்கு அப்புறந்தான் எச்.சி.ஜி.ன்னு ஒரு ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கும், அது மொத வாரங்கள்ல ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ரெண்டு மடங்கு ஆகிக்கிட்டே போகும், மொதல்ல ரத்தத்துல தெரியும், அப்புறந்தான் யூரின்ல வரும். கிட் தேடுறது அந்த ஹார்மோன மட்டுந்தான். நான் 29ஆம் நாளே "ஐயோ ஒரு நாள் தள்ளிப்போச்சே"ன்னு பாப்பேன், என் உடம்புக்கு அது முட்டை வந்து எட்டாவது நாளு, கரு இருந்திருந்தாலும் அன்னைக்கு கோடு விழுறது கஷ்டந்தான்.

அதனால கடைசி அஞ்சாறு மாசத்துல எது நீளமான இடைவெளியோ அத எடுத்துக்கோங்க, அந்த நாளும் தாண்டி பீரியட்ஸ் வரலன்னா அப்ப பாருங்க. பொறுமை இருந்தா இன்னும் ஒரு வாரம் விட்டுப் பாத்தா ரொம்ப தெளிவா இருக்கும். பி.சி.ஓ.டி., தைராய்டு இருந்து ஒரு மாசம் 30, ஒரு மாசம் 50ன்னு வர்றவங்க நாள் கணக்கே பாக்காதீங்க, கடைசியா சேந்து இருந்த நாள்ல இருந்து மூணு வாரம் கழிச்சு பாருங்க. கைப்புள்ளைக்கு பால் குடுக்குறவங்க "எனக்கு இன்னும் பீரியட்ஸே திரும்ப வரல, எப்படி நிக்கும்"னு இருந்துராதீங்க, முட்டை மொதல்ல வந்துரும், பீரியட்ஸ் அப்புறந்தான், அதுனால ஒருக்கா கூட குளிக்காமயே அடுத்தது உண்டானவங்க எங்க சொந்தத்துலயே இருக்காங்க.

அடுத்து நம்ம மதுரைக்காரங்களுக்குன்னே ஒண்ணு சொல்லணும். சித்திரைத் திருவிழா வந்துட்டா, மீனாட்சி கல்யாணம், அழகர் ஆத்துல எறங்குறது, அப்படியே குலசாமி கும்பிடு, இதுக்கெல்லாம் தூரமாயிரக் கூடாதுன்னு நாள் தள்ளிப்போடுற மாத்திரைய மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போட்டுக்குறோம். சாதாரணமா அந்த மாத்திரைய நிப்பாட்டுன ரெண்டு மூணு நாள்ல வந்துரும். எங்க மதினிக்கு வரல, "மாத்திரை போட்டேன்ல, அதான் தள்ளுது"ன்னு ஒரு மாசத்துக்கு மேல விட்டுட்டாங்க, கடைசில பாத்தா மாத்திரை போடும்போதே கரு நின்னிருக்கு. நல்லவேளை புள்ளைக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அந்த ஸ்கேன் முடியுற வரைக்கும் வீட்டுல யாருக்கும் சோறு எறங்கல. அதனால அந்த மாத்திரைய டாக்டர கேக்காம போடாதீங்க, புள்ளைக்கு எதிர்பாத்துட்டு இருக்குற மாசத்துல போடவே போடாதீங்க, போட்டு நிப்பாட்டி ஒரு வாரம் ஆகியும் வரலன்னா மறுநாளே டெஸ்ட் பாத்துருங்க.

இப்ப அறிகுறிக்கு வருவோம், எல்லாரும் மொதல்ல தேடுறது இதத்தான், ஆனா இத வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது. மார்பு வலிக்கும், கனமா இருக்கும், வயிறு உப்புசமா இருக்கும், அடிவயிறு லேசா இழுக்கும், அசதியா வரும், எரிச்சலா வரும். இது எல்லாமே பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடியும் வரும், ஏன்னா ரெண்டு நேரத்துலயும் அதே புரோஜெஸ்டிரான் ஹார்மோன்தான் கூடியிருக்கு. சில பேருக்கு பீரியட்ஸ் நாள் நெருங்கும்போது ரெண்டு சொட்டு ரோஸ் கலர்லயோ காப்பி கலர்லயோ பட்டுட்டு நின்னுரும், கரு ஒட்டும்போது அப்படி வர்றது உண்டு. அத பீரியட்ஸ்னு நெனச்சு கணக்குல சேத்துட்டா அப்புறம் ஒரு மாசமே தப்பிரும், வழக்கமான அளவுக்கு போகலன்னா சந்தேகப்படுங்க. அடிக்கடி யூரின் போகணும்னு தோணும், ஆனா எரிச்சலோ கடுப்போ இருந்தா அது இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம், நம்ம வெயிலுக்கு அது சகஜம், தனியா காட்டணும்.

வாந்தி, மசக்கை எல்லாம் படத்துல காட்டுற மாதிரி மறுநாளே வராது, நெறைய பேருக்கு ஆறாவது வார வாக்குலதான் ஆரம்பிக்கும், அதுக்குள்ள நாள் தள்ளிப்போயி ரெண்டு வாரம் ஆயிருக்கும். காலைல மட்டும் வரும்னும் இல்ல, எனக்கு சாயங்காலந்தான். எனக்கு மொதல்ல காட்டிக்குடுத்தது மல்லிப்பூ. நான் பூ இல்லாம வாசல் தாண்ட மாட்டேன், அவரு மாட்டுத்தாவணி பக்கம் போனா பொட்டலம் கட்டிட்டு வந்துருவாரு, அன்னைக்கு அந்த வாழை இலைப் பொட்டலத்தப் பிரிச்சதுமே குடல பொரட்டிட்டு வந்துச்சு, பூவ எடுத்துட்டுப் போயி வெளிய ஜன்னல் கம்பில தொங்க விட்டுட்டேன், அப்பவும் வாசம் உள்ள வருதுன்னு கதவ சாத்தச் சொன்னேன். அத்தை அத பாத்துட்டு ஒரு வார்த்தையும் பேசல, மறுநாள் சாம்பார் தாளிக்கும்போது என்னைய அடுப்படிக்குள்ள வரவேணாம்னு சொன்னாங்க, அவங்களுக்கு என்னைய விட முன்னாடியே தெரிஞ்சிருச்சு. இப்படி வாசம் ஒத்துக்காம போறது கொஞ்சம் நம்பலாம். ஆனா ஒண்ணுமே தெரியாம, ஒரு குமட்டல் கூட இல்லாம நல்லபடியா புள்ள பெத்தவங்களும் இருக்காங்க, அறிகுறி இல்லன்னு மனச விட்டுராதீங்க.

டெஸ்ட் பாக்குற மொறை. காலைல எந்திரிச்சதும் போற மொத யூரின்தான் நல்லது, ராத்திரி பூரா தங்கி இருக்கும்ல, ஹார்மோன் அடர்த்தியா இருக்கும். ராத்திரி சொம்பு சொம்பா தண்ணி குடிச்சுட்டுப் படுத்தா நீர்த்துப் போயிரும். வாங்கும்போதே எக்ஸ்பைரி தேதி பாருங்க. அக்னி நட்சத்திர வெயில்ல வண்டி டிக்கிக்குள்ள போட்டு வச்சு மறந்த கிட்ட நம்பாதீங்க, 30 டிகிரிக்கு மேல சூடு ஆகக்கூடாதுன்னு கவர்லயே போட்டுருக்கும். கவர பாக்குற நேரத்துலதான் கிழிக்கணும், உள்ள ஒரு கார்டு, ஒரு குட்டி டிராப்பர், ஈரம் உறிஞ்சுற பொட்டலம் ஒண்ணு இருக்கும், பொட்டலம் நமக்கு வேணாம். சுத்தமா கழுவி காயவச்ச டப்பாவுல யூரின பிடிச்சுக்கோங்க, சோப்புத் தண்ணி ஒட்டியிருக்கக் கூடாது. கார்ட சமமான இடத்துல வச்சு அந்த வட்டக் குழில மூணு சொட்டு விடுங்க, கவர்ல வேற எண்ணிக்கை போட்டிருந்தா அதுபடி. கோடு விழுற ஜன்னல் மேல சொட்டக் கூடாது. அஞ்சு நிமிஷம் கையில எடுத்து ஆட்டாம விட்ருங்க.

'சி'ங்குற இடத்துல கோடு விழுந்தே ஆகணும், அது விழலன்னா கிட் வீணாப்போச்சு, வேற வாங்குங்க. 'சி'யும் 'டி'யும் ரெண்டும் விழுந்தா உண்டாயிருக்கீங்க. 'டி' கோடு வெளுப்பா, இருக்கா இல்லையாங்குற மாதிரி கலரா தெரிஞ்சாலும் பெரும்பாலும் ஆமான்னுதான் அர்த்தம், ரெண்டு மூணு நாள் கழிச்சு இன்னொன்னு பாருங்க, அப்ப அழுத்தமா விழும். ஆனா கார்ட தூக்கிப் போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு குப்பைக்கூடைல எட்டிப் பாத்தா சாம்பல் கலர்ல ஒரு கீறல் தெரியும் பாருங்க, அது காஞ்சுபோன தடம், அத கணக்குல எடுக்காதீங்க. நான் எட்டிப் பாத்திருக்கேன், அந்தக் கீறல நம்பி அம்மாவுக்கு போன் வேற போட்டுட்டேன்.

ஒத்தக் கோடு விழுந்து பீரியட்ஸும் வரலன்னா ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாருங்க, அப்பவும் அப்படியே இருந்தா டாக்டர்கிட்ட போகணும், ரத்தத்துல பீட்டா எச்.சி.ஜி. பாத்தா தெரிஞ்சிரும். குழந்தைக்காக ட்ரீட்மென்ட் எடுத்து முட்டை வெடிக்க ஊசி போட்டவங்க உடனே பாக்காதீங்க, அந்த ஊசிலயே எச்.சி.ஜி. இருக்கும், கோடு சும்மா விழும், உங்க டாக்டர் சொன்ன நாள்ல மட்டும் பாருங்க. கரு கலைஞ்சு ஒண்ணு ரெண்டு வாரத்துல பாத்தாலும் அப்படி விழும். காய்ச்சல் மாத்திரை, ஆன்டிபயாடிக் இதெல்லாம் ரிசல்ட்ட மாத்தாது. சர்க்கரை, உப்பு, டூத்பேஸ்ட் போட்டு நுரை வருதான்னு பாக்குறது வேணாம், அது யாருக்கும் ஒண்ணும் சொல்லாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே காசில்லாம பாத்துச் சொல்லுவாங்க, மேலூர், வாடிப்பட்டி பக்கம் கிராமத்துல இருக்குறவங்க உங்க ஊர் நர்ஸம்மாகிட்ட கேளுங்க.

ரெண்டு கோடு விழுந்துருச்சா, இங்கதான் பல வீட்ல ஒரு வேதனை நடக்குது. எங்க தெருவுல ஒரு புள்ளைக்கு கல்யாணமாகி அஞ்சு வாரம், ஸ்கேன் ரிப்போர்ட்ல 6 வாரம் 3 நாள்னு போட்டிருந்தாங்க. மாமியா வீட்ல கணக்குப் போட்டு பேச ஆரம்பிச்சுட்டாங்க, அந்தப் புள்ள அம்மா வீட்டுக்கே வந்துருச்சு. டாக்டருங்க வாரம் எண்ணுறது கரு உண்டான நாள்ல இருந்து இல்ல, கடைசி பீரியட்ஸோட மொத நாள்ல இருந்து. அப்ப கரு உண்டாகும்போதே கணக்குல ரெண்டு வாரம் ஓடியிருக்கும், நாள் தள்ளிப்போற அன்னைக்கே நாலு வாரம். அந்த ஒன்றரை வாரம் அதுல இருந்து வந்ததுதான். எங்க ஏரியா நர்ஸம்மாவே வீட்டுக்கு வந்து காலண்டர வச்சு மாமியாருக்கு எண்ணிக் காட்டுனதுக்கு அப்புறந்தான் கூட்டிட்டுப் போனாங்க. புதுசா கல்யாணமான புள்ளைங்க இத வீட்டுக்காரருக்கும் சேத்து சொல்லி வச்சிருங்க, தயவுசெஞ்சு.

மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக் கூடாதுன்னு பெரியவங்க சொல்றத நான் குத்தம் சொல்லல, சொந்தக்காரங்களுக்கு சொல்லாதீங்க, கண்ணு படும்னா படட்டும்னு விட வேணாம். ஆனா டாக்டருக்கும் நர்ஸுக்கும் மறைக்காதீங்க. குழந்தையோட மூளை, தண்டுவடத்துக்கு அடித்தளமான நரம்புக் குழாய் மூடுற வேலை கரு உண்டாகி 28 நாள் வாக்குல முடிஞ்சிரும், அதுக்குத்தான் ஃபோலிக் ஆசிட் மாத்திரை, எதிர்பாத்துட்டு இருக்கும்போதே தொடங்குறது நல்லது, தொடங்கலன்னா ரெண்டு கோடு விழுந்த அன்னைக்கே கேட்டு வாங்குங்க. சுகர், பிரஷர், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுறவங்க நீங்களா நிப்பாட்டாம டாக்டர்கிட்ட காட்டி மாத்திக்கோங்க. 12 வாரத்துக்குள்ள பதிவு பண்ணிருங்க, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபாய்க்கு உதவி வர்றதுக்கும் அது வேணும், அப்ப குடுக்குற பதிவு நம்பர்தான் பின்னாடி பிறப்புச் சான்றிதழுக்கும் கேப்பாங்க.

இப்ப புள்ள வேணாம்ங்குற நெலம இருந்தாலும் மெடிக்கல்ல கலைக்கிற மாத்திரைய நீங்களா வாங்கிப் போடாதீங்க, பப்பாளிக்காய், எள்ளுன்னு அளவில்லாம தின்னும் பாக்காதீங்க. சட்டமே டாக்டர்கிட்ட போக வழி வச்சிருக்கு, 18 வயசு தாண்டுனவங்களுக்கு அவங்க சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து சட்டப்படி தேவையில்ல. கரு எங்க இருக்குன்னு பாக்காம மாத்திரை போடுறதுதான் பெரிய ஆபத்து, ஏன்னா சில நேரம் அது கர்ப்பப்பைல இல்லாம கருக்குழாய்ல தங்கிரும். அப்பவும் கிட்ல ரெண்டு கோடுதான் விழும், கிட்டுக்கு எடம் தெரியாது.

என் கூட வேலை பாத்த அக்காவுக்கு அதான் ஆச்சு. அடிவயித்துல ஒரு பக்கமா வலி, லேசா ரத்தம், தோள்பட்டை வேற வலிக்குதுன்னாங்க, வாயுன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடிச்சுட்டுப் படுத்துட்டாங்க, ராத்திரி மயக்கம் போட்டு 108ல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயி அவசரமா ஆபரேஷன் பண்ணித்தான் காப்பாத்துனாங்க. ஒரு பக்க வலி, தோள் நுனில வலி, கண்ணு இருட்டுறது, ரத்தம் நெறைய போறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அப்பவே 108க்கு போடுங்க. காப்பர்-டி போட்டிருந்தும் நாள் தள்ளிப்போனவங்க, முன்னாடி ஒருக்கா குழாய்ல நின்னவங்க, ரெண்டு கோடு விழுந்ததும் வலி இல்லாட்டியும் அன்னைக்கே போயி காட்டிருங்க.

மொத தடவ போகும்போது ஆதார், பேங்க் பாஸ்புக், இப்ப சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. அங்கயும் மொத கேள்வி "கடைசியா எப்ப குளிச்ச"ங்குறதாத்தான் இருக்கும், நீங்க ரத்தம் பட்ட மொத நாளோட தேதிய சொல்லுங்க.