முகூர்த்தத் தேதி டேட்டாபேஸ் டேபிளில் ஏன் மாறுகிறது?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதியபோது நான் செய்த தவறுகளில் பாதி, தேதியில்தான்.

முதல் தவறு சின்னது. தேதியைச் சுற்றி ஒற்றை மேற்கோள்குறி போட மறந்து 2025-8-15 என்று இன்சர்ட் செய்தால், டேட்டாபேஸ் அதைக் கழித்தல் கணக்காக எடுத்துக்கொள்ளும், விடை 2002. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் உடனே பிழை சொல்லிவிடும். எஸ்கியூஎல் சர்வர் என்ற இன்னொரு டேட்டாபேஸில் ஃபீல்டு டேட்டைமாக (தேதியும் நேரமும் சேர்ந்த வகை) இருந்தால் வாயே திறக்காது. 1900 ஜனவரி 1-லிருந்து 2002 நாள் தள்ளி, 1905 ஜூன் 26 என்று பதிந்துவிடும்!

அடுத்தது வரிசை. 03-04-2025 நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் ஓடும் சர்வருக்கு மார்ச் 4. நாள் 12-ஐத் தாண்டினால் பிழை வந்து காப்பாற்றும். 12 வரை சத்தமில்லாமல் மாறிவிடும். ஆண்டு-மாதம்-நாள் என்றே கொடுங்கள். எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைமுக்கு அதுவும் மொழி அமைப்பைப் பொறுத்துக் குழம்பலாம், கோடில்லாமல் '20250403' என்பதே பத்திரம். நிரலிலிருந்து அனுப்பும்போது தேதியை எழுத்துச் சரமாகக் கட்டளையில் ஒட்டாமல் பாராமீட்டராக, அதாவது தனி மதிப்பாக, அனுப்பினால் இந்தத் தலைவலியே இல்லை. வார்சாரில், அதாவது வெறும் எழுத்துகளுக்கான ஃபீல்டில், தேதி வைப்பதைப் பற்றி என்ன சொல்ல? வரிசைப்படுத்தினால் 31-01-2025, 01-12-2025-க்குப் பின்னால் போய் நிற்கும்.

என்னை மாட்டிவிட்டது நேர மண்டலம். 15-ந் தேதி விடியற்காலை 4:30-க்கு முகூர்த்தம். நிரல் அதை யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றியது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அங்கே 14-ந் தேதி இரவு 11 மணி. மாற்றியதில் தப்பில்லை. மாற்றிய பிறகு நேரத்தை வெட்டிவிட்டு, தேதியை மட்டும் டேட் ஃபீல்டில் போட்டேன், அதுதான் தப்பு. பெண் வீட்டு ஆச்சி போனில் பிடித்துக்கொண்டார்: "கல்யாணமே 15-ந் தேதி. 14-ந் தேதின்னு அனுப்பியிருக்கீகளே தம்பி?"

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் டைம்ஸ்டாம்ப் வகை, கனெக்‌ஷனின் நேர மண்டலத்திலிருந்து யூடிசிக்கு மாற்றிச் சேமிக்கும். டேட்டைம் கொடுத்ததை அப்படியே வைக்கும். முன்பணம் வந்த நேரத்துக்கு முன்னது, முகூர்த்தத்துக்குப் பின்னது என்று இப்போது பிரித்து வைத்திருக்கிறேன். டைம்ஸ்டாம்ப் 1970-க்கு முன்னும் 2038 ஜனவரி 19-க்குப் பின்னும் போகாது.

அப்புறம், வீடு கட்டிய ஆண்டு. ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 என்று நாமாகச் சேர்க்கக் கூடாது. மைஎஸ்கியூஎல்லில் ஆண்டுக்கென்று இருக்கும் இயர் வகையும் 1901-லிருந்துதான் தொடங்கும். இங்கே அதற்கு முன் கட்டிய வீடுகள் எத்தனையோ! நான் சாதாரண எண் ஃபீல்டுதான் வைத்தேன்.