வீட்டில் இரண்டு அறையைப் பயணிகளுக்கு விட்டால் வரி எப்படி?

மடுத் திருவிழா, வற்றாப்பளைப் பொங்கல், வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்திறங்கும் ஓகஸ்ட், வங்காலையில் பூநாரை பார்க்க ஆட்கள் வரும் மாரி. இந்த நாட்களில் வன்னியில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால்தான் வெறுமனே கிடந்த இரண்டு அறைக்கு ஏசி போட்டு, பாத்ரூம் இணைத்து விடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். வரி என்றதும் பலர் பிரதேச சபைக்குக் கட்டும் ஆதன வரியோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையான கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் தீர்க்க வேண்டியது: உங்களுக்கு வருவது வாடகையா, வியாபார வருமானமா? பக்கத்து அனெக்ஸை ஒரு நிறுவன உத்தியோகத்தருக்கு மாதம் 40,000 ரூபாவுக்குக் கொடுத்துத் திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டால் அது வாடகை. விரிப்பு மாற்றி, காலையில் இடியப்பமும் சொதியும் வைத்து, இரவுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அது வியாபாரம். இரண்டுக்கும் கழிவு வேறு. வாடகையென்றால் திருத்தவேலை, பராமரிப்பு, தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்த வாடகையில் 25 வீதம் கழிக்கலாம். பில் காட்டத் தேவையில்லை. மேலே சொன்ன அனெக்ஸில் வருடம் 480,000 வரும், 120,000 கழியும், 360,000 வருமானமாக நிற்கும். வியாபாரத்தில் அந்த 25 வீதம் இல்லை, உண்மையான செலவைத்தான் கழிக்க வேண்டும். இரவுக் கணக்கில் அறை விட்டுவிட்டு 25 வீதத்தையும் எடுத்து, அதற்கு மேல் செலவையும் கழிப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

நிறுவனம் ஒன்று மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் வாடகை தந்தால் 10 வீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தரும். அது போய்த் தொலைந்த காசு இல்லை. வரி பிடித்ததற்கான சான்றிதழை வாங்கி வைத்தால் உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

இனி அளவுகள். மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 2025/26 முதல் ஒருவருக்குத் தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாத தொகை, வருடம் 1,800,000 ரூபா. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 என்று ஏறி, மீதி முழுவதுக்கும் 36 வீதம். இந்த நிவாரணம் ஆளுக்கு ஒன்று. சம்பளத்துக்கு ஒன்று, அறைக்கு இன்னொன்று என்று கிடையாது. “சம்பளத்தில் வரி வெட்டவில்லை, ஆகவே எனக்கு வரியே இல்லை” என்ற நினைப்பு இங்கேதான் சறுக்கும்.

கிளிநொச்சியில் மாதம் 130,000 சம்பளம் எடுக்கும் ஒருவரை வைத்துப் பார்ப்போம். வருடச் சம்பளம் 1,560,000. நிவாரணத்துக்கு உள்ளே நிற்கிறது. இரண்டு அறையும் சேர்த்து வருடம் 160 அறை-இரவுகள், இரவுக்கு 6,000 என்றால் வரவு 960,000. அதில் 100 இரவு இணையத் தளம் வழியாக வந்தது, 15 வீதத் தரகு 90,000. காலைச் சாப்பாட்டுச் சாமான் 112,000. துப்புரவும் துணி தோய்ப்பும் 80,000. விருந்தினர் அறைகளின் கரண்ட் 72,000. பாத்ரூம் கட்டிய 600,000க்குத் தேய்மானம் 20 வருடக் கணக்கில் 30,000. ஏசி, கட்டில், மெத்தை 400,000க்கு 5 வருடக் கணக்கில் 80,000. சபை அனுமதிப்பத்திரம் 1,000. மொத்தச் செலவு 465,000, இலாபம் 495,000. சம்பளத்தோடு கூட்டினால் 2,055,000. நிவாரணம் போக 255,000 நிற்கும், வரி 15,300. இதே ஆள் ஒரு பில்லும் வைக்காமல் விட்டிருந்தால் 720,000க்கு 6 வீதம், 43,200. கொப்பியும் பில்லும் 27,900 ரூபா மிச்சம் பிடித்துத் தருகிறது.

அதனால் ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். திகதி, விருந்தினர் பெயர், எத்தனை இரவு, முழுக் கட்டணம், தரகு, கைக்கு வந்தது என்று ஆறு நிரல் போதும். முழுக் கட்டணத்தையும் தரகையும் தனித்தனியே எழுதுவது முக்கியம். வரவு என்பது விருந்தினர் கொடுத்த முழுத்தொகை, தரகு உங்கள் செலவு. வங்கிக்கு வந்த மீதியையே வரவாக எழுதி, பிறகு தரகையும் செலவில் போட்டால் ஒரே காசு இரண்டு தடவை கழிந்துவிடும். விளக்கம் கேட்டால் பதில் இருக்காது.

சந்தையில் மீனும் மரக்கறியும் பில்லோடு வராது. ஒரு துண்டில் திகதி, சாமான், தொகை எழுதி வியாபாரியிடம் ஒப்பம் வாங்குங்கள். சுப்பர்மார்க்கெட் பில்லின் எழுத்து வன்னி வெயிலில் ஆறு மாதத்தில் மங்கிவிடும், அன்றே படம் எடுத்து வையுங்கள். 5 வருடம் காத்து வைக்க வேண்டிய காகிதம் அது.

வீட்டுக்கும் அறைக்கும் பொதுவான செலவைப் பிரிப்பதில்தான் கை தவறும். அறைகளுக்கு உப மீற்றர் போட்டால் கரண்டில் வாதமே வராது. வைபை, தண்ணீர் போன்றவற்றைப் பரப்பளவாலும் நாளாலும் பிரியுங்கள். 1,500 சதுர அடி வீட்டில் விருந்தினர் பகுதி 375 என்றால் கால்வாசி. ஆள் இருந்த நாட்கள் வருடத்தில் 120 என்றால் அந்தக் கால்வாசியிலும் மூன்றில் ஒன்றுதான். வைபைக்கு வருடம் 36,000 போனால் 3,000 ரூபாதான் கழிக்கலாம். சின்னத் தொகைதான், ஆனால் முழு பில்லையும் போடுகிறவரின் மற்றச் செலவுகளையும் அதிகாரி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

வருமானம் யாருடையது என்பதையும் பாருங்கள். நம் பக்கத்தில் வீடு பெரும்பாலும் மனைவியின் சீதன உறுதியில் இருக்கும். அனெக்ஸ் வாடகை உறுதி யார் பெயரிலோ அவருடைய வருமானம். இரவுக் கணக்கு வியாபாரமென்றால் நடத்துகிறவருடையது. மனைவிதான் சமைத்து, முன்பதிவு பார்த்து, காசு வாங்குகிறார் என்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவும் வங்கிக் கணக்கும் அவர் பெயரில் இருக்கட்டும். அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் மேலே பார்த்த 495,000க்கு வரியே வராது. பெயர் மட்டும் அவருடையது, வேலையும் காசும் கணவருடையது என்றால் இது எடுபடாது.

வெளிநாட்டுச் சொந்தம் போகும்போது பிள்ளைகளின் கையில் வைக்கும் காசு அன்பளிப்பு. அது இந்தக் கணக்கில் சேராது. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பேசி வாங்கினால், மாமாவே தந்தாலும் வருமானம்தான். லண்டனில் இருக்கும் மகனின் கணக்குக்குப் பவுண்ஸில் போட்டாலும் அறை இருப்பது இங்கே, வரியும் இங்கேதான். வெளிநாட்டு நாணயத்துக்கு 15 வீதம்தான் உச்சம் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சலுகை வெளிநாட்டில் பயன்படுத்தப்படும் சேவைக்கு உரியது. முல்லைத்தீவில் தூங்கி எழும்பியவரின் கட்டணத்துக்குப் பொருந்தாது.

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்துகொண்டால் சுற்றுலா அபிவிருத்தி அறவீடு 1 வீதம் உண்டு, காலாண்டுக்கு ஒரு தடவை. இது இலாபத்தில் இல்லை, வரவில்: 960,000க்கு 9,600. நட்டம் வந்த வருடத்திலும் கட்ட வேண்டும். பதிந்த விடுதிக்கு சபை அனுமதிக் கட்டணமும் முந்தைய வருட வரவில் 1 வீதம் வரை போகலாம். கரைச்சியா, கரைதுறைப்பற்றா, உங்கள் சபையில் முன்னரே கேட்டு வைத்து அறைக் கட்டணத்தைத் தீர்மானியுங்கள். ஆதன வரியை ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதக் கழிவு. வற் வரியின் எல்லை கோடிக் கணக்கில். இரண்டு அறைக்கு அது வராது. பதியாமல் பில்லில் “வற்” என்று எழுதி வாங்குவதுதான் குற்றம்.

கட்டும் முறை இப்படி. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் ரின் (TIN) எனப்படும் வரி செலுத்துபவர் அடையாள இலக்கம் எடுங்கள். வருட வரியை மதிப்பிட்டு ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என நான்கு தவணையாகக் கட்டுங்கள். மிச்சம் இருந்தால் செப்டெம்பர் 30க்குள். வருமான வரி விபரத்திரட்டு நவம்பர் 30க்குள். 2025/26க்கு அது 2026 நவம்பர் 30.

குடியேற்றத் திட்டத்தில் அரசு அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த பேர்மிட் காணியில் வீடு இருந்தால் இன்னொன்றும் உண்டு. பேர்மிட் காணியை நினைத்தபடி குத்தகைக்குக் கொடுக்க முடியாது. பாத்ரூமுக்குக் கல் இறக்குவதற்கு முன்னரே பிரதேச செயலகக் காணிக் கிளையில் பேர்மிட்டைக் காட்டி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.