மனச்சோர்வைக் கேள்வித்தாளால் அளக்கும்போது: யாரிடம் எந்தத் தாள், எந்தச் சொல், எந்த வெட்டுப்புள்ளி

மனச்சோர்வின் அறிகுறிகளை ஒன்பது கேள்விகளில் கேட்கும் பிஎச்கியூ-9 தாளை ஒருவர் நிரப்புகிறார், கூட்டினால் 12 வருகிறது. கடந்த இரண்டு வாரத்தில் எந்தெந்தத் தொல்லை தனக்கு எத்தனை நாள் இருந்தது என்று அவரே சொன்னதன் கூட்டுத்தொகைதான் அந்த 12. அவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்பதை மருத்துவர் நேரில் பேசிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுக் களத்தில் இறங்கும் ஆய்வுகளே அதிகம் தவறுகின்றன. அடுத்த பெரிய தவறு, ஓர் ஊரில் ஒரு கூட்டத்தாரிடம் சரியாக வேலை செய்த தாளை வேறொரு கூட்டத்தாரிடம் அப்படியே நீட்டுவது.

யாரிடம் கேட்கப் போகிறீர்கள்?

தாளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். பொதுவான பெரியவர்கள் என்றால் 2001இல் வெளியான பிஎச்கியூ-9 போதும். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5, 10, 15, 20 ஆகிய எண்களில் லேசான, நடுத்தர, சற்றுக் கடுமையான, கடுமையான நிலைகள் தொடங்குவதாகக் கொள்வார்கள். பயன்படுத்தக் கட்டணமோ அனுமதியோ வேண்டாம். நேரமே இல்லாத புறநோயாளிப் பிரிவில் முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, 3 அல்லது அதற்கு மேல் வந்தவர்களிடம் மீதி ஏழையும் கேட்கலாம்.

ஆனால் அந்த ஒன்பதில் தூக்கம், அசதி, பசி, உடலசைவின் வேகம் என நான்கு கேள்விகள் உடம்பைப் பற்றியவை. காசநோய்க்கு மருந்து எடுப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், கீமோதெரபியில் இருப்பவர் ஆகியோருக்கு மனசு நன்றாக இருந்தாலும் இந்த நான்கிலேயே ஐந்தாறு மதிப்பெண் சேர்ந்துவிடும். மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே 1983இல் உருவான ஹெச்ஏடிஎஸ், இந்த உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே விலக்கி வைத்தது. அதன் மனச்சோர்வுப் பகுதியில் ஏழு கேள்விகள், மொத்தம் 21. 8 வந்தாலே கவனிக்க வேண்டும். இதற்கு உரிமம் வாங்க வேண்டும்.

பிரசவமான பெண்களுக்கு 1987இல் வந்த எடின்பரோ அளவை: பத்துக் கேள்விகள், மொத்தம் 30, கேட்பது கடந்த ஏழு நாட்களைப் பற்றி. கைக்குழந்தை வைத்திருப்பவரிடம் “தூக்கம் வருகிறதா?” என்று கேட்டால் எல்லோரும் “எங்கே தூங்குவது?” என்பார்கள். எடின்பரோ தாளில் உள்ள தூக்கக் கேள்வி அப்படிக் கேட்பதில்லை. மனவருத்தத்தால் தூங்க முடியாமல் போனதா என்று காரணத்தையும் சேர்த்தே கேட்கிறது. மொழிபெயர்ப்பில் அந்த ‘வருத்தத்தால்’ விழுந்துவிட்டால் கேள்வியின் பயனே போய்விடும். மதிப்பெண் போடும்போதும் கவனம் தேவை: 1, 2, 4ஆம் கேள்விகளுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3, மற்ற ஏழுக்கும் 3, 2, 1, 0. தரவுப் பதிவில் இதைத் தலைகீழாக்கி வைத்தால், நன்றாக இருக்கும் தாய்க்கு உயர்ந்த மதிப்பெண் வந்து நிற்கும்.

முதியோருக்கு ஜிடிஎஸ்-15. எல்லாமே ஆம், இல்லை. உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் தொடாது, 5க்கு மேல் போனால் விசாரிக்க வேண்டும். 1, 5, 7, 11, 13 ஆகிய ஐந்துக்கும் “இல்லை” என்ற பதிலுக்குத்தான் மதிப்பெண். நினைவாற்றல் கணிசமாகக் குறைந்தவரிடம் எந்தச் சுயபதில் தாளும் பயன்படாது, உடனிருப்பவரிடம் கேட்கும் கருவியைத் தேடுங்கள். பதின்ம வயதினருக்கு பிஎச்கியூவின் இளையோர் வடிவம் உண்டு. அதில் எரிச்சல், பள்ளிப்பாடம் எல்லாம் சேர்ந்திருக்கும். 1977இல் வந்த சிஇஎஸ்-டி (20 கேள்விகள், மொத்தம் 60, வழக்கமான எல்லை 16) சமூகக் கணக்கெடுப்புக்கு உகந்தது, இலவசம். பெக் அளவையின் இரண்டாம் பதிப்பு (1996, 21 கேள்விகள்) நல்ல கருவி, ஆனால் விலைக்குரியது. இணையத்தில் கிடைக்கும் நகலை எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

சொல்

தாளின் தலைப்பில் ‘மனச்சோர்வு’ என்று போடாதீர்கள், ‘மன அழுத்தம்’ என்றும் போடாதீர்கள். பத்திரிகையிலும் பேச்சிலும் ‘மன அழுத்தம்’ என்பது வேலைப்பளு, கடன் தொல்லை, நோய் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்லாகிவிட்டது. தலைப்பைப் பார்த்ததுமே ஒருவர் தன்னை நோயாளியாகக் காட்டவோ மறைக்கவோ தொடங்கிவிடுவார். ‘நலம் பற்றிய கேள்விகள்’ என்பது போதும்.

பிஎச்கியூ-9க்குத் தமிழ் வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. இருப்பதை எடுத்துத் தொடங்குங்கள், ஆனால் உங்கள் ஊர்ச் சொல்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ‘நித்திரை’தான், ‘தூக்கம்’ எழுத்துத் தமிழாக ஒலிக்கும். அங்கே “ஒரே யோசனை” என்றால் கவலை. “யோசியாதேங்கோ” என்பது கவலைப்படாதீர்கள் என்று தேற்றுவது. சென்னையில் ‘யோசனை’ வெறும் சிந்தனை. உலகில் பல மக்கள் இந்தத் துயரத்தை ‘அதிகம் யோசிப்பது’ என்றே சொல்கிறார்கள். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் அதற்கு ‘குஃபுங்கிசிசா’ என்று பெயர். அங்கே வெளியிலிருந்து வந்த தாளை மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், மக்கள் சொன்ன சொற்களிலிருந்தே 14 கேள்விகள் கொண்ட ஷோனா அறிகுறித் தாளை உருவாக்கினார்கள். அந்த வசதி எல்லா ஆய்வுக்கும் வாய்க்காது. குறைந்தபட்சம், உங்கள் மக்கள் எந்தச் சொல்லில் வருந்துகிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, தாளில் அது எங்கேனும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

புதிதாக மொழிபெயர்ப்பதானால் ஒழுங்கு இது: இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும், இருவருடையதையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்த்திராத வேறொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோக வேண்டும், மனநல மருத்துவர் ஒருவரும் ஊர்க்காரர் ஒருவரும் உட்கார்ந்த குழு முடிவெடுக்க வேண்டும். திரும்பக் கொண்டுபோனது மூலத்தோடு ஒத்திருந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான தமிழ்தான் திரும்பும்போது அச்சு அசலாக மூலமாக மாறும்.

இன்னொரு பொறி நம் மொழியிலேயே இருக்கிறது. எதிர்மறையாகக் கேட்ட கேள்விக்குத் தமிழில் ‘ஆமா’ என்றால் என்ன பொருள்? “உங்களுக்குச் சலிப்பு வருவதில்லையா?” “ஆமா.” வருவதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறாரா, வருகிறது என்கிறாரா? ஆம், இல்லை தாள்களில் ஒரு கேள்வியையும் எதிர்மறை வாக்கியமாக்காதீர்கள்.

வாய்விட்டு யோசிக்கச் சொல்லுங்கள்

அச்சுக்குப் போகும் முன் பத்துப் பதினைந்து பேரிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் “இது என்ன கேட்கிறது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், எப்படி இந்தப் பதிலுக்கு வந்தீர்கள்?” என்று கேளுங்கள். வயது, படிப்பு, ஆண், பெண் எல்லாம் கலந்திருக்க வேண்டும். பணமில்லை என்று வெட்டக் கூடாத படி இது.

பிஎச்கியூவின் முதல் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள்: செய்யும் காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்தது. களையெடுக்கப் போகும் பெண்ணிடம் கேட்டால், “ஆர்வமா? வேலைய செஞ்சுதானே ஆகணும்” என்று சொல்லி 0வில் குறிப்பார். வேலையைச் செய்தாரா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார். “முன்பு பிடித்திருந்தது எதுவும் இப்போது பிடிக்காமல் போனது” என்று மாற்றினால், பேரக்குழந்தையைத் தூக்கக்கூடத் தோன்றவில்லை, கோவிலுக்குப் போவதை விட்டுவிட்டேன் என்று சொல்வார். ஏழாவது கேள்வியில் செய்தித்தாள் படிப்பது உதாரணமாக வரும். படிக்காதவருக்கு அது அர்த்தமில்லை. சமைக்கும்போது உப்புப் போட்டோமா என்று மறப்பது, சீரியல் பார்த்தும் கதை மனதில் நிற்காதது என்று இருந்தால் பிடிபடும். எட்டாவது, மெதுவாக அசைவதையும் நிலைகொள்ளாமல் அலைவதையும் ஒரே கேள்வியில் திணித்தது. பலர் பாதியை மட்டும் கேட்டுப் பதில் சொல்வார்கள். அதைப் பிரிக்க உங்களுக்கு அதிகாரமில்லை, ஆனால் இரண்டு பாதியையும் நிறுத்தி வாசிக்கும்படி களப்பணியாளருக்குச் சொல்லலாம்.

உதாரணத்தை மாற்றலாம், கேள்வி அளக்கும் பொருளை மாற்றக் கூடாது. எதை மாற்றினாலும் தேதியோடு எழுதி வையுங்கள்.

விடைகளிலும் சிக்கல் உண்டு. ‘சில நாட்கள்’, ‘பாதி நாட்களுக்கு மேல்’, ‘கிட்டத்தட்ட தினமும்’ என்பவற்றில் நடுவில் உள்ளதுதான் குழப்பம். நாளை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்: 14 நாளில் 0–1 நாள் என்றால் 0, 2–6 என்றால் 1, 7–11 என்றால் 2, 12–14 என்றால் 3. பதினான்கு கட்டங்கள் வரைந்த அட்டையைக் கையில் கொடுத்தால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் சுட்டிக் காட்டுவார். இரண்டு வாரம் என்பதற்கு ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு நாளைச் சொல்லுங்கள்: அமாவாசை, சந்தை, சம்பள நாள்.

களத்தில்

மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் சொல்லும் பதில் பதிலே அல்ல. தனியிடம் கிடைக்காவிட்டால் இன்னொரு நாள் போங்கள். தானே நிரப்புபவரையும் வாசித்துக் கேட்டுப் பதில் சொல்பவரையும் ஒரே ஆய்வில் கலந்தால், யார் எப்படிச் சொன்னார் என்று ஒரு கட்டத்தில் குறித்து வையுங்கள். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவதால் வாய்வழிப் பதில்கள் குறைவாக வரக்கூடும். வாசிப்பவர் குரலில் விடையைத் தூண்டக் கூடாது. “அப்படியெல்லாம் இல்லைல்ல?” என்று ஒன்பதாவது கேள்வியைக் கேட்பது வெகு சாதாரணமாக நடக்கிறது.

அந்த ஒன்பதாவது கேள்வி (எடின்பரோவில் பத்தாவது) செத்துவிடலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் 3 ஆக இருந்தாலும், அன்றே கவனிக்க வேண்டும். இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா, எப்படிச் செய்வது என்று யோசித்ததுண்டா, பூச்சிமருந்து போன்ற வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விட்டு வராதீர்கள். யாரைக் கூப்பிடுவது, எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, வண்டி எது என்பதெல்லாம் முதல் நாளுக்கு முன்பே தாளில் இருக்க வேண்டும். மனநல உதவிக்கான தொலைபேசி எண்கள்: இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926. இந்த ஏற்பாட்டைச் செய்ய முடியாதவர்கள் அந்தக் கேள்வியை விட்டுவிட்ட பிஎச்கியூ-8ஐப் பயன்படுத்தட்டும். தாள்களைக் கட்டி வைத்து மூன்று மாதம் கழித்துப் பிரித்துப் பார்ப்பது மன்னிக்க முடியாதது.

வெட்டுப்புள்ளி

பிஎச்கியூ-9இல் ஒன்றிரண்டு கேள்விகள் விடுபட்டிருந்தால் மற்றவற்றின் சராசரியை இட்டு நிரப்பலாம். இரண்டுக்கு மேல் விடுபட்டால் அந்தத் தாளைக் கூட்டாதீர்கள்.

இனி 10 என்ற எல்லை. நோய் இருக்கலாம் என்று கொள்ளத் தொடங்கும் இந்த எண்ணைத்தான் வெட்டுப்புள்ளி என்கிறோம். பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், மருத்துவர் நேர்காணலோடு ஒப்பிட்டபோது 10 என்ற எல்லை உண்மையில் நோயுள்ளவர்களில் 88 சதவீதத்தினரைப் பிடித்தது, நோயில்லாதவர்களில் 85 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆயிரம் பேர் உள்ள ஊரில், நூறு பேருக்கு உண்மையாகவே நோய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நூற்றில் 88 பேர் பிடிபடுவார்கள். மீதி 900 பேரில் 15 சதவீதம், அதாவது 135 பேர் தவறாகப் பிடிபடுவார்கள். மொத்தம் 223. “எங்கள் ஊரில் 22 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு” என்று எழுதினால் உண்மையின் இரு மடங்கைவிட அதிகம் எழுதியிருப்பீர்கள். எல்லையைத் தாண்டியவர்களில் பத்துக்கு நான்கு பேருக்குத்தான் நோய்.

எல்லையும் ஊருக்கு ஊர் மாறும். எடின்பரோ தாளுக்கு மேலைநாடுகளில் 12/13 பழக்கம், அதாவது 12 வரை விட்டுவிட்டு 13 முதல் கவனிப்பது. தமிழ் வடிவத்தை வேலூர்ப் பகுதியில் சோதித்தபோது 8/9 பொருத்தமாக வந்தது. 13 வரை காத்திருந்தால் உதவி தேவைப்படும் தாய்மார்கள் பலர் கைநழுவிப் போவார்கள். உங்கள் மக்களுக்கு எல்லை தெரியாவிட்டால், தாள் நிரப்பியவர்களில் ஒரு பகுதியினரை, மதிப்பெண் தெரியாத மருத்துவர் நேர்காணல் செய்ய வேண்டும். எண்ணிக்கையை முன்கூட்டியே யோசியுங்கள். 300 பேரில் 30 பேருக்குத்தான் நோய் என்றால், ‘85 சதவீதம் பிடிபடுகிறது’ என்ற உங்கள் கண்டுபிடிப்பு இரு பக்கமும் சுமார் 13 புள்ளி ஆடும். நோயுள்ளவர் நூறு பேர் இருந்தால் ஆட்டம் 7ஆகக் குறையும்.

இரண்டு கூட்டத்தை ஒப்பிடும் முன்

பெண்களின் சராசரி ஆண்களைவிட 2 கூடுதல் என்று வந்தால், துயரம்தான் கூடுதலா, ஏதோ ஒரு கேள்வி மட்டும் ஒரு பக்கம் சாய்கிறதா? சிஇஎஸ்-டியில் அழுகை பற்றிய கேள்வி இருக்கிறது. ஒரே அளவு சோர்ந்திருக்கும் ஆணும் பெண்ணும் அதற்கு ஒரே பதிலைச் சொல்வதில்லை. அதே தாளில் ‘மகிழ்ச்சியாக இருந்தேன்’ போன்ற நான்கு நல்லுணர்வுக் கேள்விகளைத் திருப்பிக் கூட்டுவார்கள். ஜப்பானியர்கள் தன் மகிழ்ச்சியைப் பறைசாற்றாத வழக்கத்தால் இந்த நான்கிலேயே மதிப்பெண் ஏறுவதை ஆய்வுகள் கண்டன. ஆகவே முதலில் கேள்விவாரியாகப் பாருங்கள்: மொத்த மதிப்பெண் ஒன்றாக உள்ள இரு தரப்பினரும் அந்தக் கேள்விக்கு ஒரே மாதிரி பதில் சொல்கிறார்களா? பிறகு பல்குழுக் காரணிப் பகுப்பாய்வில் (தாள் இரு கூட்டத்திலும் ஒன்றையே அளக்கிறதா என்று பார்க்கும் புள்ளியியல் முறை) அமைப்பு (எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன), சுமை (ஒவ்வொரு கேள்வியும் மனச்சோர்வோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது), தொடக்கப்புள்ளி (ஒரே அளவு சோர்வில் கேள்விக்கு எந்த மதிப்பெண் வருகிறது) மூன்றும் இரு கூட்டத்திலும் ஒத்திருக்கின்றனவா என்று படிப்படியாகச் சோதியுங்கள். 0 முதல் 3 வரை என்பவை சம இடைவெளி உறுதியில்லாத வரிசை எண்கள் என்பதால் அதற்கேற்ற மதிப்பீட்டு முறை வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகையில் சிஎஃப்ஐ (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) 0.01க்கு மேல் விழுந்தால் சராசரிகளை ஒப்பிடாதீர்கள். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.85 வந்தது என்பது இதற்குப் பதிலாகாது. ஒரே தவறை எல்லாக் கேள்வியும் சேர்ந்து செய்தாலும் ஆல்ஃபா உயரும்.

அறிக்கையில் ‘மனச்சோர்வு உள்ளவர்கள்’ என்று எழுதாமல் ‘பிஎச்கியூ-9இல் 10 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள்’ என்றே எழுதுங்கள். எந்த மொழி வடிவம், யார் வாசித்தது, எத்தனை நாளைப் பற்றிக் கேட்டது, எந்த உதாரணங்கள் மாறின, எத்தனை தாள் விடுபட்டது, ஒன்பதாவது கேள்விக்கு ஆம் என்றவர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.